ஐந்தாம் அத்தியாயம்: கொழுந்தில் மரம் அறிதல்

பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தில் மரங்கள் மிக அழகாக இருப்பது மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை. இலை கொட்டி நின்ற மரங்கள் யுகாதிக்கு முன்னும் பின்னுமாகத் துளிர்விடும். புங்கை எலுமிச்சைப் பச்சையில் பளபளக்கும், அரசு செம்பு நிறத்தில் மினுங்கும், மாமரத்தின் நுனிக் கொத்துகள் வாடியதுபோல் தொங்கும். ஆனால் புதிதாக மரம் பார்க்கப் பழகுகிறவருக்கு இதுதான் கஷ்டமான பருவம். பல மரங்களில் பூ இருக்காது, காய் இருக்காது. இலை இருந்தும் அதன் நிறமும் அளவும் படத்தில் பார்த்ததுபோல் இராது.

ஊர்ப்புறத்து மரங்களை நன்றாக அறிந்தவர்களும் இங்கே தடுமாறுவார்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெரியவருக்கு வேம்பு, புங்கை, இலுப்பை, புளி எல்லாம் அத்துப்படி. ஆனால் பெங்களூரின் சாலை மரங்களில் பல கடல் தாண்டி வந்தவை. குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஜக்கரண்டா, தபேபுயா, தூங்குமூஞ்சி ஆகியவை அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. 1908-இல் மைசூர் அரசின் தோட்டப் பணிக்கு வந்த ஜெர்மானியர் கிரும்பீகல், வருடம் முழுக்க ஏதாவதொரு தெருவில் ஏதாவதொரு மரம் பூத்திருக்கும்படி நடுவதை இந்த ஊரில் வழக்கமாக்கினார். 1980-களில் வன அதிகாரி எஸ்.ஜி. நெகினாள் தலைமையில் லட்சக்கணக்கான கன்றுகள் நடப்பட்டன. இவற்றோடு வீட்டுக்காரர்கள் நட்டதும் பறவைகள் விதைத்ததும் கலந்து நிற்கின்றன. பெயர் தெரியாத மரம் ஒரு தெருவுக்கு இரண்டாவது இருக்கும்.

இந்த அத்தியாயத்தின் பாடம் ஒன்றுதான். கொழுந்தின் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள், அது உட்கார்ந்திருக்கும் கணுவைப் பாருங்கள்.

எது மாறும், எது மாறாது

பல வெப்பமண்டல மரங்களில் இலை முதலில் விரியும், பச்சையம் பிறகுதான் சேரும். அந்த இடைவெளியில் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி வெளியே தெரியும். கடும் வெயிலிலிருந்து இளம் திசுவைக் காக்க என்று ஒரு விளக்கம் உண்டு. பூச்சிகளை ஏமாற்ற என்று இன்னொன்று. காரணம் எதுவானாலும் மா, நாவல், அரசு, வேம்பு, மகோகனி, நாகேசரம் எனப் பல குடும்பங்களைச் சேர்ந்த மரங்கள் எல்லாம் இப்படிச் சிவக்கின்றன. ஆகவே ‘செந்தளிர்’ என்பது அடையாளம் ஆகாது.

சிவந்ததெல்லாம் கொழுந்தும் அல்ல. தெருவில் பாதாம் மரம் என்று சொல்லப்படும் நாட்டு வாதுமையில் சிவப்பாக இருப்பது உதிரப்போகும் கிழட்டு இலை. அதன் கொழுந்து மெல்லிய ரோமத்தோடு வெளிர்பச்சையாக இருக்கும். கிளையின் எந்த இடத்தில் சிவப்பு இருக்கிறது என்று பாருங்கள். நுனியில் இருந்தால் புதியது, அடியில் இருந்தால் பழையது.

நாளுக்கு நாள் மாறுபவை: நிறம், அளவு, விறைப்பு, பளபளப்பு, ஓரளவு ரோமமும். அநேகமாக மாறாதவை: இலை தனியா கூட்டா என்பது, கணுவில் அவை அமைந்திருக்கும் முறை, உறை விழுந்த தழும்பு, பால், வாசனை, காம்பின் சுரப்பிகள். கீழே வரும் ஆறு கேள்விகளும் பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியலிலிருந்து எடுத்தவை. வரிசை மாற்றாமல் கேட்டுக்கொண்டு போங்கள்.

கையில் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், பள்ளிக்கூட ஸ்கேல், நோட்டு, போன். கிளையை ஒடிக்க வேண்டாம். காற்றடித்த மறுநாள் காலையில் கணுவோடு சேர்ந்த சுள்ளிகள் நடைபாதையிலேயே கிடைக்கும், ஆனால் அது அந்த மரத்துடையதுதானா என்று மேலே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அடிமரத்திலும் வெட்டிய இடத்திலும் கிளம்பும் போத்துகளை விட்டுவிடுங்கள். அவற்றின் இலை அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும், சில மரங்களில் வடிவமே வேறாக இருக்கும். வெயில் படும் கிளையின் நுனியைப் பாருங்கள்.

ஆறு கேள்விகள்

1. எது ஒரு இலை?

பாதிப் பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. கடையில் வாங்கும் கறிவேப்பிலையை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் உருவிப் போடும் ஒவ்வொன்றும் இலை அல்ல, சிற்றிலை. ஈர்க்கு முழுவதும் சேர்ந்ததுதான் ஒரு இலை. இதை மரத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் சின்ன மொட்டு இருந்தால் அது இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. துளிர் மிகச் சிறியதாக இருந்தால் லென்ஸ் தேவைப்படும்.

விடை மூன்றில் ஒன்றாக அமையும். மா, அரசு போலத் தனி இலை. வேம்பு, புங்கை போல ஈர்க்கில் சிற்றிலைகள். குல்மொஹர் போல ஈர்க்கும் மறுபடி கிளைத்த இறகிலை. உள்ளங்கையிலிருந்து விரல் பிரிவதுபோல் சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து விரிந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எதிரெதிரா, மாறி மாறியா?

ஒரு கணுவில் இரண்டு இலைகள் நேருக்கு நேர் இருக்கின்றனவா, கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வருகின்றனவா? இந்த ஒரு கேள்வி சந்தேகங்களில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

மாவும் நாவலும் சிவந்த தளிர்விடும் தனி இலை மரங்கள். தூரத்தில் குழப்பும். மாவிலை மாறி மாறி வந்து நுனியில் கொத்தாகச் சேரும். நாவல் எதிரெதிர். நாவல் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓரத்துக்குச் சற்று உள்ளே, ஓரத்தை ஒட்டியே ஓடும் ஒரு நரம்பும் தெரியும்.

விரல் இலையிலும் இதே சோதனைதான். இளஞ்சிவப்புப் பூவால் பெங்களூரே படம் எடுக்கும் தபேபுயாவுக்கும் இலவ மரத்துக்கும் விரல்போல் பிரிந்த இலைகள். தபேபுயாவில் அவை எதிரெதிர், இலவத்தில் மாறி மாறி.

ஏழிலைப்பாலை மூன்றாவது வகை. அதிலும் ஒரே இடத்திலிருந்து ஏழு இலை சுற்றி விரிவதாகத் தோன்றும். ஆனால் அவை ஒரு இலையின் விரல்கள் அல்ல, ஒரே கணுவைச் சுற்றி நிற்கும் தனித்தனி இலைகள். கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். இலவத்தில் வராது.

3. கணுவில் வளையத் தழும்பு உண்டா?

ஆல், அரசு, அத்தி, பலா இவற்றின் நுனியில் கூர்மையான ஒரு உறை கொழுந்தை மூடியிருக்கும். இலை விரிந்ததும் உறை விழுந்து, கிளையைச் சுற்றி மோதிரம்போல் கோடு விட்டுப் போகும். தொட்டிகளில் வளர்க்கும் ரப்பர் ஃபைகஸ் செடியில் இந்த உறை சிவப்பாக நீண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

பக்கத்துச் சம்பிகே ரோட்டுக்குப் பெயர் கொடுத்த செண்பகத்துக்கும் இதே வளையத் தழும்பு உண்டு. அதன் கொழுந்து உறையில் பட்டுப்போன்ற ரோமம் இருக்கும், பால் மட்டும் இருக்காது. வளையமும் பாலும் இருந்தால் ஆலின் கூட்டம், வளையம் இருந்து பால் இல்லையென்றால் செண்பகத்தின் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

4. பால் வருகிறதா?

விழுந்த சுள்ளியின் இளங்காம்பைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் ஆலினம், சப்போட்டா, இலுப்பை, ஏழிலைப்பாலை, பெருங்கள்ளி எல்லாம் பட்டியலில் இருக்கும். மாமரத்தில் வருவது கலங்கலற்ற பிசின்நீர், தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும். விரலில் எது பட்டாலும் கண்ணைத் தொடுவதற்கு முன் கழுவுங்கள்.

5. கசக்கினால் என்ன வாசனை?

பாலைச் சோதித்த பிறகே கசக்குங்கள். மாங்கொழுந்தில் மாங்காய் வாசனை. எலுமிச்சைக் குடும்பத்து மரங்களில், வில்வம் உட்பட, இலையை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், கசக்கினால் மணம் எழும். தைலமரத்தின் மணம் எல்லாருக்கும் தெரியும். வாசனைக்குப் பதில் நிறம் தருவது தேக்கு: இளந்தளிரைத் தேய்த்தால் விரல் இரத்தம் பட்டதுபோல் சிவக்கும். எதிரெதிராகப் பெரிய சொரசொரப்பான இலையும் இந்தச் சிவப்பும் சேர்ந்தால் தேக்குதான்.

6. ஓரம், ரோமம், சுரப்பி

கடைசியாக லென்ஸ். ஓரத்தில் பல் உண்டா? அடிப்புறத்தில் ரோமம் உண்டா, அது என்ன நிறம்? காம்பிலோ சிற்றிலையின் அடியிலோ கடுகளவு மேடு இருக்கிறதா? முந்தைய ஐந்தும் உங்களை ஒரு கூட்டத்துக்குள் கொண்டுவரும். அந்தக் கூட்டத்துக்குள் ஆளைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஆறாவது கேள்வி.

குழப்பும் கூட்டங்கள்

*இறகிலை நான்கு.* ஜக்கரண்டா, குல்மொஹர், நர்சரிக்காரர்கள் காப்பர் பாட் என்று சொல்லும் இயல்வாகை, தூங்குமூஞ்சி. நான்கும் கொழுந்தில் ஒரே மாதிரி மெல்லிய இறகாகத் தெரியும்.

முதலில் கணு. இலைகள் எதிரெதிராக இருந்தால் ஜக்கரண்டா. அதன் சிற்றிலைகளின் நுனி கூராக இருக்கும், கடைசிச் சிற்றிலை மற்றவற்றைவிடப் பெரிது. மற்ற மூன்றும் மாறி மாறி வருபவை. காம்பின் அடியில் குட்டி இறகுபோல் பிரிந்த இரண்டு துணுக்குகள் ஒட்டியிருந்தால் குல்மொஹர். இளங்காம்பும் மொட்டும் துருப்பிடித்த வெல்வெட்போல் பழுப்பு ரோமம் போர்த்தியிருந்தால் இயல்வாகை. ஈர்க்கின் கிளைகள் சில ஜோடிகளே இருந்து, சிற்றிலைகள் சாய்சதுரமாக, நுனிக்குப் போகப் போகப் பெரிதானால் தூங்குமூஞ்சி. அதைச் சாயங்காலம் ஒருமுறை போய்ப் பாருங்கள். இலை மடிந்திருக்கும்.

*வேம்பும் மகோகனியும்.* இரண்டிலும் ஈர்க்கு இலை, அரிவாள்போல் வளைந்த சிற்றிலை, சமமில்லாத அடிப்பகுதி, செந்தளிர். ஓரத்தைப் பாருங்கள். வேம்புக்கு ரம்பப் பல், மகோகனிக்கு வழவழப்பான ஓரம். ஓரத்தில் பல் இருந்தும் ஈர்க்கு மறுபடி கிளைத்திருந்தால் அது வேம்பு அல்ல, மலைவேம்பின் கூட்டம்.

*அசோகமும் நெட்டிலிங்கமும்.* கம்பம்போல் உயர்ந்து காம்பவுண்டை ஒட்டி நிற்பதை எல்லோரும் அசோக மரம் என்கிறார்கள். அது நெட்டிலிங்கம்: நெளிந்த ஓரமுள்ள நீண்ட தனி இலை, பளபளக்கும் வெண்கலத் தளிர். உண்மையான அசோகம் கூட்டிலை மரம். அதன் கொழுந்து குஞ்சம்போல் தளர்ந்து, இளஞ்சிவப்பாகக் கீழே தொங்கும். பூ இல்லாமலேயே இந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

*ஈர்க்கிலை, ஆனால் எதிரெதிர்.* சாலை மரங்களில் ஈர்க்கிலை பெரும்பாலும் மாறி மாறித்தான் வரும். எதிரெதிராக, பெரிய சிற்றிலைகளோடு, மென்மையான ரோமத்தோடு கண்டால் ஆப்பிரிக்க டூலிப்பை நினையுங்கள். மொட்டைப் பிதுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் மரம் என்றால் இங்குள்ள பிள்ளைகளுக்குப் புரியும்.

சுவரில் முளைத்தது என்ன?

நெருங்கிய வீடுகள் உள்ள இந்தப் பகுதியில் அடிக்கடி எழும் கேள்வி இது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் மழைநீர்க் குழாயின் மூட்டிலும் சாக்கடை ஓரத்திலும் முளைப்பவை பெரும்பாலும் ஆலினத்தவை. பழத்தைத் தின்ற பறவையின் எச்சத்தில் விதை வந்து விழுகிறது. கொஞ்சம் ஈரமும் தூசியும் கிடைத்தால் போதும்.

அரசின் அடையாளமான நீண்ட வால், முளைத்த சில இலைகளில் முழுதாகத் தெரியாது. கன்று ஒரு சாண் உயர்ந்த பிறகு பாருங்கள். மெல்லிய நீண்ட காம்பு, இதய வடிவம், நீளும் வால், வழவழப்பு என்றால் அரசு. தடித்த இலை, மழுங்கிய நுனி, அடியிலிருந்து எழும் தெளிவான நரம்புகள், இளம்பகுதியில் ரோமம் என்றால் ஆல். வால் இல்லாத இதய வடிவ இலையாக இருந்து, நுனியில் உறையும் கணுவில் மோதிரத் தழும்பும் இல்லாவிட்டால் பூவரசாக இருக்கலாம்.

பெயர் தெரிந்துகொள்வதற்கு இங்கே அவசரக் காரணம் உண்டு. ஆலின் வேரும் அரசின் வேரும் காரைக்குள் இறங்கினால் சுவரைப் பிளக்கும். மழை பெய்த மறுநாள், கன்று விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு உருவித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மேலே மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். சாலையில் வளர்ந்து நிற்கும் மரம் வேறு விஷயம். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, வெட்டுவதற்குப் பொதுவாக மர அதிகாரியின் அனுமதி வேண்டும்.

கன்றும் மரமும் வேறு முகம்

மரத்தின் கொழுந்து வேறு, கன்றின் முதல் இலைகள் வேறு. பலாக் கன்றின் இலைகள் மடல் மடலாகப் பிரிந்திருக்கும், பெரிய மரத்தில் முழு ஓரம்தான். சாலையோரம் வரிசையாக நடும் ஆஸ்திரேலிய அக்கேசியாவில் கன்று முதலில் இறகிலைவிடும், பிறகு காம்பே அகன்று கத்திபோன்ற இலையாகிவிடும். ஒரே கன்றில் இரண்டும் சேர்ந்திருக்கும் நாட்களும் உண்டு. நீலகிரியின் தைலமரத்துக்கு இளமையில் காம்பில்லாத, எதிரெதிரான, சாம்பல் பூத்த இலை. முதிர்ந்தபின் மாறி மாறித் தொங்கும் அரிவாள் இலை. மேலே சொன்ன இரண்டாவது கேள்வி பொய்த்துப்போகும் அபூர்வ இடம் இது. தொட்டியில் தானாக முளைத்ததற்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். பத்து இலை வரட்டும்.

அக்கம்பக்கத்தில் கேட்கும்போது

இங்கே ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் பேசுகிறார்கள். பூக்காரம்மாவும் இளநீர்க்காரரும் இஸ்திரி வண்டிக்காரரும் பல வருடம் ஒரே மரத்தடியில் நிற்பவர்கள். அந்த மரத்தைப் பூவோடும் காயோடும் பார்த்தவர்கள். ‘இது பூத்தா என்ன கலர்ண்ணா?’ என்று கேளுங்கள். பெயர் கேட்பதைவிட அதில் பலன் அதிகம்.

கன்னடப் பெயர்களில் பல நமக்குத் தானாகப் புரியும்: பேவு வேம்பு, மாவு மா, ஆல ஆல், அத்தி அத்தி, ஹொங்கே புங்கை, நேரளே நாவல், சம்பிகே செண்பகம். ஒன்றில் மட்டும் உயிருக்கே ஆபத்து. கன்னடத்தில் அரளி என்றால் அரச மரம். நம் அரளிக்கு அவர்கள் பெயர் கணகிலே. கைவைத்தியத்துக்கு ‘அரளிச் சிகுரு’ என்று கன்னடத்தில் யாராவது சொன்னால் அவர்கள் சொல்வது அரசங்கொழுந்தை. நம் அரளி இதயத்தைத் தாக்கும் விஷம். கணுவுக்கு மூன்று மூன்றாகச் சுற்றி நிற்கும் நீண்ட குறுகிய இலைகளே அதன் அடையாளம்.

அதனால் இந்த நூல் முழுவதற்கும் பொருந்தும் ஒரே கட்டளை: அடையாளம் காண எந்தக் கொழுந்தையும் வாயில் வைக்காதீர்கள். பிள்ளைகளோடு போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உறுதி செய்வது

கொழுந்தைக் கொண்டு எடுத்த முடிவு தற்காலிகமானதுதான். அதை உறுதியாக்க மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, படம். ஐநேச்சுரலிஸ்ட், ப்ளாண்ட்நெட் போன்ற செயலிகளுக்குச் சிவந்த தளிரின் படத்தை மட்டும் கொடுக்காதீர்கள். ஐந்து படம் எடுங்கள்: முழு மரம், பட்டை, கணு தெரியும் கிளை, இலையின் அடிப்புறம், அதே கிளையில் கீழே இருக்கும் முதிர்ந்த இலை. ஒன்றிலாவது ஸ்கேல் இருக்கட்டும். செயலி தரும் பெயரை ஆறு கேள்விகளுக்கான உங்கள் விடைகளோடு ஒப்பிடுங்கள். எதிரெதிர் இலையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அது மாறி மாறி வரும் மரத்தின் பெயரைச் சொன்னால், தள்ளிவிடலாம்.

இரண்டு, பெயர்ப் பலகை. ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்திலிருந்து அதே பச்சைத் தடத்தில் ஆறாவது நிலையம் லால்பாக். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய அந்தத் தோட்டத்தில் பல மரங்களுக்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் சந்தேகத்துக்குரிய மரத்தை அங்கே கண்டுபிடித்து, அதே வாரத்தில் அதன் கொழுந்தையும் பாருங்கள். கொழுந்தைக் கொழுந்தோடு ஒப்பிடுவதுதான் சரியான ஒப்பீடு. மல்லேஸ்வரம் தாண்டி இந்திய அறிவியல் கழகத்தில் உலர்த்திய தாவர மாதிரிகளின் தொகுப்பு ஒன்றும் உண்டு.

மூன்று, புத்தகம். கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவரநூல், திருச்சியில் கே.எம். மேத்யூ உருவாக்கிய தமிழ்நாட்டுத் தாவரநூல் போன்ற பெரிய நூல்கள் பெரிதும் பூவையும் காயையும் வைத்தே பிரித்துக்கொண்டு போகும். கொழுந்தோடு போனால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவீர்கள். பிரதீப் கிருஷன் 2006-இல் வெளியிட்ட டெல்லி மரங்கள் பற்றிய நூல் இலையை வைத்துத் தேட வழி தருகிறது. நகரச் சாலை மரங்களில் பல இரண்டு ஊருக்கும் பொது என்பதால் இங்கேயும் உதவும்.

இந்த வார வேலை

உங்கள் தெருவில் பெயர் தெரியாத ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நோட்டில் தேதி, இடம், ஆறு விடைகள், உங்கள் ஊகம் ஆகியவற்றை எழுதுங்கள். வாரம் ஒருமுறை அதே கிளையைப் பார்த்து, கொழுந்து, பச்சை இலை, மொட்டு, பூ, காய் எது எவ்வளவு என்று குறித்து வாருங்கள். விருப்பமிருந்தால் இதே குறிப்பை சீசன்வாட்ச் என்ற இந்திய அளவிலான மரக் கண்காணிப்புத் திட்டத்திலும் பதியலாம். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரு வருடத்தில் அந்த மரம் தன் பூவைக் காட்டிவிடும். ஊகம் தவறாக இருந்தால் பழைய குறிப்பை அடிக்காமல், பக்கத்தில் சரியான பெயரை எழுதுங்கள். எந்தக் கேள்வியில் வழி பிரிந்தது என்று திரும்பிப் பார்த்தால், அடுத்த மரத்தில் எதை முதலில் பார்ப்பது என்பது தெரிந்துவிடும்.